நான் சாப்பிடாமல் எழுந்த இலை

தம்பி,

நீயும் பவித்ராவும் ஓசூர் பஸ் ஏறிப் போன பிறகு வீட்டுக்குள் வந்து பார்த்தேன். அவள் சமையல் மேடையைத் துடைத்து, உங்கப்பாவுக்கு மத்தியானச் சோற்றை மூடி வைத்து, எனக்கென்று ஒரு கிண்ணத்தில் எலுமிச்சை ஊறுகாயைத் தனியாக எடுத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். நீ பார்த்திருந்தாலும் உனக்கு அதில் ஒன்றும் தோன்றியிருக்காது. ஊறுகாய்தானே என்று இருந்திருப்பாய். அந்தக் கிண்ணத்துக்குப் பின்னால் உனக்குத் தெரியாத ஒரு கதை இருக்கிறது. பவித்ராவுக்கு அவள் அம்மா சொல்லியிருக்கிறார் போல. உங்கப்பாவுக்கும் தெரியும். மிச்சம் நீ ஒருத்தன்தான். போனில் சொன்னால் நடுநடுவே "சரிம்மா, சரிம்மா" என்று அவசரப்படுவாய். அதனால் எழுதுகிறேன். உங்கப்பாவின் லாரி அடுத்த லோடுக்கு ஓசூர் வழியாகத்தான் போகிறது, அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். உட்கார்ந்து படி.

ஆவணியில் பெண் கேட்டு மாரண்டஹள்ளிக்குப் போனோமே, அங்கிருந்து தொடங்குகிறேன். நீயே பார்த்து, நீயே பேசி, நீயே முடிவு செய்துகொண்டு எங்கள் முன்னால் வந்து நின்றாய். எனக்கு அதில் வருத்தம் இல்லை. வீட்டுக்குள் கன்னடம் பேசுகிறவர்கள் என்று நீ சொன்னபோது, "மருமக கன்னடத்துல திட்டுனா எனக்கு எப்படிடா புரியும்?" என்று கேட்டேன். விளையாட்டாகத்தான் கேட்டேன். நீ சிரிக்கவில்லை. அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை என்று அன்றைக்கே மனசுக்குள் ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டாய். உங்கள் வம்சத்துக்கே உள்ள குணம் இது. உங்கப்பாவிடம் கேலி பேசிவிட்டு நான் பட்ட பாடெல்லாம் நீ பார்த்ததுதானே.

நம் பக்கத்தில் சம்பந்தம் உறுதியாகிறவரை பெண் வீட்டில் கை நனைப்பதில்லை. காபியோடு எழுந்துவிடுவோம். எல்லாம் பேசி, இரண்டு பக்கமும் சம்மதம் என்றால்தான் இலை போடுவார்கள். அந்த இலையில் மாப்பிள்ளையைப் பெற்றவள் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டால் பெண் நம் வீட்டுக்கு வந்துவிட்ட மாதிரி. அன்றைக்கும் பேச்செல்லாம் நல்லபடியாக முடிந்தது. சேலையும் பழமும் வைத்த தட்டை நான்தான் பவித்ராவின் அம்மா கௌரம்மா கையில் கொடுத்தேன். இலையும் போட்டார்கள். உங்கப்பா அவர்கள் ஒப்பட்டு என்கிற போளியைக் கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நான் மட்டும் பரிமாறிய இலையை அப்படியே மடித்துவிட்டு எழுந்தேன். "வயித்துக்குச் சரியில்லீங்க" என்றேன். அந்த வீட்டில் ஒருத்தரும் அதை நம்பவில்லை. நீயும் நம்பவில்லை.

இப்போது அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்கிறேன். அந்தக் கோடையிலிருந்தே என் வலது தாடைக்குக் கீழே ஒரு வீக்கம் வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. முதல்முறை வந்தது மாங்காய் சாம்பார் சாப்பிடும்போது. இரண்டு வாய் உள்ளே போனதும் தாடைக்கு அடியில் சுருக்கென்று ஒரு வலி. தொட்டுப் பார்த்தால் எலுமிச்சங்காய் அளவுக்குப் புடைத்திருந்தது. சாப்பாட்டை முடித்து, பாத்திரம் விளக்கி, ஒரு சீரியல் பார்ப்பதற்குள் வடிந்தும் போய்விட்டது. பல்லாக இருக்கும் என்று கிராம்பை வைத்துக் கடித்தேன். அடுத்த வேளையும் வந்தது. வெறும் இட்லி என்றால் லேசாக வரும், புளிக்குழம்பு என்றால் நன்றாக வரும், ஊறுகாய் என்றால் உயிர் போகும். பக்கத்து வீட்டு சின்னபாப்பா ஒருநாள் பார்த்துவிட்டாள். "அக்கா, இது பொன்னுக்கு வீங்கி. கழுத்துல தங்கத்தப் போடுங்க, புளிப்ப வாயில வெக்காதீங்க. தானா போயிரும்" என்றாள்.

உனக்குச் சின்ன வயசில் பொன்னுக்கு வீங்கி வந்தது நினைவிருக்கிறதா? இரண்டு கன்னமும் உப்பி, என் ரெட்டைவடச் சங்கிலியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, கண்ணாடி முன்னால் நின்று ராஜா மாதிரி இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாய். வீக்கம் வடிந்த பிறகும் கழற்ற மாட்டேன் என்று தரையில் புரண்டு அழுதாய். அந்தச் சங்கிலியைத்தான் பீரோவிலிருந்து எடுத்து நானும் போட்டுக்கொண்டேன். சோறு தின்னும்போது மட்டும் வந்துவிட்டு, கை கழுவினதும் போய்விடுகிற பொன்னுக்கு வீங்கி எந்த ஊரில் உண்டு என்று சின்னபாப்பாவும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

டாக்டரிடம் ஏன் போகவில்லை என்று கேட்பாய். பயம்தான், வேறென்ன. சத்துணவுக் கூடத்தில் என்னோடு சமையல் பார்த்த மாதம்மாளை உனக்குத் தெரியும். எந்நேரமும் வாயில் புகையிலை அடக்கிக்கொண்டிருப்பாள். அவளுக்கும் கழுத்தில் ஒரு கட்டி என்றுதான் ஆரம்பித்தது. கடைசியில் கஞ்சிகூட இறங்காமல் போய்ச் சேர்ந்தாள். எனக்குப் புகையிலைப் பழக்கம் கிடையாதுதான். ஆனால் ராத்திரியில் கட்டியைத் தடவிக்கொண்டு படுத்திருக்கும்போது அந்த நியாயமெல்லாம் எடுபடாது. டாக்டர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்துவிட்டால் உன் கல்யாணப் பேச்சு அங்கேயே நின்றுபோகும், பெண்ணைக் கொடுக்கிறவர்கள் பின்வாங்குவார்கள் என்று நினைத்தேன். முதலில் கல்யாணம், மற்றதெல்லாம் அப்புறம் என்று எனக்கு நானே முடிவு செய்துகொண்டேன்.

அந்த நினைப்போடுதான் மாரண்டஹள்ளியில் இலை முன்னால் உட்கார்ந்தேன். பேசாமல் இரண்டு வாய் மோர்ச்சோற்றை விழுங்கிவிட்டு எழுந்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். கௌரம்மா முதலில் கொண்டுவந்து வைத்ததே ஆவக்காய் ஊறுகாய். அடுத்தது புளிச்சோறு. நல்லெண்ணெய் வாசமும் புளி வாசமும் மூக்கில் ஏறினதும் வாயில் எச்சில் ஊறிவிட்டது. நான் கையையே நீட்டவில்லை தம்பி, அதற்குள் தாடைக்குக் கீழே கிளம்பிவிட்டது. முந்தானையை இழுத்துக் கழுத்தை மூடினேன். சங்கிலியைச் சரிசெய்கிற மாதிரி கையை அங்கேயே வைத்துக்கொண்டேன். எதிர் வரிசையில் அவர்கள் வீட்டுப் பெரியவர்கள் எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீங்கின மூஞ்சியோடு அந்தச் சபையில் உட்கார முடியாமல்தான் எழுந்தேன்.

திரும்பி வந்து பாலக்கோடு பஸ் ஸ்டாண்டில் இறங்கினதும் கேட்டாய்: "ஊருக்கே சோறு போட்டவ நீ. அவங்க வூட்ல ஒரு வாய் திங்க முடியலையா உனக்கு?" நான் பதில் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். ஆனால் பெற்றவள் வலியில் இருக்கிறாள் என்று உனக்குத் தானாகத் தோன்றவில்லையே என்ற கோபம் எனக்கு. நீ அப்படியே ஓசூருக்குப் போய்விட்டாய். தீபாவளிக்கு வரவில்லை. நீ பிறந்ததிலிருந்து நீ இல்லாமல் நான் எண்ணெய்ச் சட்டி வைத்த தீபாவளி அது ஒன்றுதான். உங்கப்பாவும் வடக்கே லோடு போயிருந்தார். நான் முறுக்குச் சுட்டு டப்பாவில் போட்டு மூடி வைத்தேன். ஒன்றைக்கூடக் கடித்துப் பார்க்கவில்லை.

இதில் யாரிடமும் சொல்ல முடியாத ஒரு கொடுமை இருந்தது. உன்னை நினைத்தால் எனக்கு வலிக்கும். பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே தாடையில் வலிக்கும். உன் சின்ன வயசு என்று நினைத்தாலே எனக்கு முன்னால் வந்து நிற்பது பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த புளியமரம்தான். தை மாசத்தில் செங்காய் பழுக்க ஆரம்பித்ததும் டவுசர் பை கிழியும்வரை பொறுக்கி அடைத்துக்கொண்டு சத்துணவுக் கூடத்துக்கு ஓடிவருவாய். காயும் இல்லாமல் பழமும் இல்லாமல் வெளுத்த சதையோடு இருக்கும் அந்தப் புளியை, "எச்சிப் பண்ணாம பாதி குடும்மா" என்று நீட்டுவாய். நான் முந்தானையைச் சுற்றிக் காக்காக் கடி கடித்துப் பாதியை உன் கையில் வைப்பேன். உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டு நீ ஒரு கண்ணை மூடிக்கொண்டு சப்புவதைப் பார்த்தால் எனக்கும் எச்சில் ஊறும். இத்தனை வருசம் கழித்தும், நினைத்தாலே ஊறுகிறது. அப்போது ஊறினால் வீங்கிவிடும். வீங்கினால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். கோபித்துக்கொண்டு போன பிள்ளையை நினைத்துக்கூடப் பார்க்க முடியாமல், வேறு எதையாவது நினைத்துக்கொள்வேன். லாரி டயர், கரண்ட் பில், சின்னபாப்பாவின் ஆடு, இப்படி.

சத்துணவில் முட்டை போடும் நாள்களை மட்டும் வலிக்காமல் நினைக்க முடிந்தது. வரிசையில் நீ நிற்பாய். எல்லாப் பிள்ளைக்கும் போடுகிற மாதிரி உனக்கும் ஒன்றுதான். மிச்சம் இருந்தாலும் கொடுக்க மாட்டேன். ஒருநாள், "நீ எனக்கு அம்மாவா, சத்துணவு டீச்சரா?" என்று கேட்டுவிட்டு, தட்டைத் தரையில் தள்ளிவிட்டுப் போனாய். சாயங்காலம்வரை பேசவில்லை. அன்றைக்கு உனக்கு லேசாகக் காய்ச்சல் இருந்தது என்று இரவு உடம்பைத் தொட்டபோதுதான் தெரிந்தது. தட்டைத் தள்ளினதும் திமிர் என்றுதான் நானும் நினைத்தேன். தட்டைத் தள்ளுகிற பிள்ளைகளை அத்தனை வருசம் பார்த்தவள் நான். அப்படி ஒரு பிள்ளை தள்ளினால் முதலில் நெற்றியில் கையை வைத்துப் பார்க்க வேண்டும் என்று அதற்குப் பிறகுதான் பழகிக்கொண்டேன்.

தீபாவளி முடிந்த வாரம் ஒரு மத்தியானம் வாசலில் கௌரம்மா வந்து நின்றார். தனியாக வந்திருந்தார். மண்டிக்குத் தக்காளி அனுப்பிவிட்டு அப்படியே பஸ் ஏறியிருக்கிறார், சேலையில் தக்காளிக் கறைகூட இருந்தது. கையில் ஒரு பை. பைக்குள் நாம் கொடுத்த தட்டும் சேலையும் இருப்பது பார்த்ததுமே தெரிந்தது. "வாங்க, உள்ள வாங்க" என்றேன். வாசப்படியைத் தாண்டினார், உட்காரவில்லை.

"உக்கார வரலீங்க. எங்க பொண்ணு சரியா சாப்பிடறதில்ல, தூங்கறதில்ல. உங்க பையனும் அப்படித்தான் இருக்குதாம். பசங்க ரெண்டும் அழுதுகிட்டு இருக்க, நாம பெரியவங்க பாத்துகிட்டு இருக்கறது நல்லால்லீங்க. உங்களுக்குப் புடிக்கலன்னா புடிக்கலன்னு அன்னிக்கே சொல்லியிருக்கலாமில்ல? இலையப் போட்டப்புறம் மடிக்கணுமா?"

நான் சமையல்கட்டுக்குப் போனேன். வெயிலில் வந்தவர், முதலில் குடிக்க ஏதாவது கொடுப்போம் என்று எலுமிச்சம்பழத்தை அறுத்து டம்ளரில் பிழிந்து கொண்டுவந்தேன்.

"உங்க வூட்ல நான் பச்சத்தண்ணிகூடத் தொட மாட்டேங்க" என்றார். பழிக்குப் பழி. எனக்கு அந்த நிலையிலும் மனசுக்குள் சிரிப்பு வந்தது. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

அதற்குள் பிழிந்த எலுமிச்சை தன் வேலையைக் காட்டிவிட்டது. முந்தானையைத் தேடினேன், கையில் டம்ளர் இருந்தது. மூடிக்கொள்ள வழியில்லை. கௌரம்மா பேச வந்ததை நிறுத்திவிட்டு என் கழுத்தையே பார்த்தார்.

"இருங்க. இதென்னாங்க இது? இப்பத்தான் சும்மா இருந்துச்சு?"

"ஒண்ணுமில்லீங்க."

"ஒண்ணுமில்லையா? கோழி முட்டையாட்டம் நிக்குது. அய்யோ தேவரே, கடவுளே, அன்னிக்கும் இப்படித்தான் வந்துச்சா? அதுக்குத்தான் எந்திரிச்சீங்களா?"

நான் தலையை ஆட்டினேன். அவர் டம்ளரை வாங்கிக் கீழே வைத்தார். தக்காளி பார்க்கிற மாதிரி விரலால் வீக்கத்தை மெல்ல அழுத்திப் பார்த்தார். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"கழுத்துக்குக் கழுத்துக்குக் கை போச்சு உங்களுக்கு. ரெட்டவடத்தக் காட்டறீங்கன்னு நெனச்சேங்க. எங்க ஊர்ல எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொன்னேன்" என்றார்.

நான் மாதம்மாளைப் பற்றிச் சொன்னேன். எதற்காகப் பயப்படுகிறேன் என்பதையும் சொன்னேன். பெண்ணைப் பெற்றவரிடம் இதைச் சொல்லலாமா என்று யோசிக்கவில்லை. வேறு யாரிடமும் சொல்ல முடியாமல் அத்தனை மாசம் வைத்திருந்தது கொட்டிவிட்டது. அவர் நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு எழுந்தார். "கல்யாணப் பேச்சு வேற, இது வேற. நாளைக்குக் காலையில தர்மபுரி பஸ் ஸ்டாண்டுல நிப்பேன். நீங்க வரணும்" என்றார். தட்டுப் பையை எடுத்துக்கொண்டு போகவும் இல்லை, என் கையில் கொடுக்கவும் இல்லை. கதவு ஓரத்தில் வைத்துவிட்டுப் போனார். அந்தப் பையைப் பார்த்துக்கொண்டே அன்றைய ராத்திரி கழிந்தது. மறுநாள் எனக்கு நல்ல பதில் வந்தால் அது மாரண்டஹள்ளிக்குத் திரும்பும், கெட்ட பதில் வந்தால் இங்கேயே கிடக்கும் என்றுதான் எண்ணிக்கொண்டேன்.

தர்மபுரி ஆஸ்பத்திரியில் காது மூக்கு தொண்டை டாக்டர், நம் பவித்ராவின் வயசுள்ள ஒரு பெண். நான் எதிர்பார்த்த எதையும் முதலில் கேட்கவில்லை. "எப்பம்மா வீங்குது? சாப்பிடும்போதா, எந்நேரமும் இருக்குதா?" என்று கேட்டது. சாப்பிடும்போது, புளிப்பு என்றால் அதிகம் என்றேன். நாக்கை மேலே தூக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தது. கையுறை போட்ட ஒரு விரலை நாக்குக்கு அடியில் வைத்து, இன்னொரு கையால் தாடைக்கு வெளியே இருந்து தடவிக்கொண்டே வந்தது. ஓர் இடத்தில் நிறுத்தி, "இங்க ஏதோ கெட்டியா தட்டுப்படுது. எச்சில் வர்ற குழாயில கல்லு இருக்கும்னு நெனக்கறேன். ஸ்கேன்ல பாத்துரலாம்" என்றது. எச்சிலில் கல்லா என்று நான் கௌரம்மாவைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். "புத்துநோயா இருக்குமாம்மா?" என்று நான் கேட்டே விட்டேன். "சாப்பாட்டுக்கு வீங்கி, அப்புறம் வடிஞ்சா பெரும்பாலும் கல்லுதாம்மா. வடியாம, வலியில்லாம கெட்டியாவே இருக்கற கட்டியத்தான் உடனே காட்டணும். ஆனா பாக்காம நான் எதையும் சொல்ல மாட்டேன்" என்றது. பெரும்பாலும் என்ற அந்தச் சொல்லில் என் மனசு போய் மாட்டிக்கொண்டது.

ஸ்கேன் அறைக்கு வெளியே ஒரு நர்ஸ் என் பெயரை எழுதிக்கொண்டு, கூட வந்தவர் யார் என்று கேட்டாள். நான் என்ன சொல்வது? தெரிந்தவர் என்பதா? தட்டைத் திருப்பிக் கொடுக்க வந்தவர் என்பதா? வாயைத் திறப்பதற்குள் கௌரம்மா சொன்னார்: "சம்பந்திங்க."

நர்ஸ் எழுதிக்கொண்டாள். அவளுக்கு அது ஒரு வார்த்தை. தம்பி, அந்த நேரத்தில் எனக்கு இருப்பது கல்லா புற்றா என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரிந்த பிறகு சொல்லியிருந்தால் நான் இவ்வளவு பெரிதாக எடுத்திருக்க மாட்டேன். நாம் ஊர் கூடிப் பேசி, தட்டு மாற்றி, இலை போட்டு முடியாத கல்யாணம் அந்த ஸ்கேன் அறை வாசலில் முடிந்தது. நான் அழுதுவிட்டேன். நர்ஸ், "பயப்படாதீங்கம்மா, இந்த ஸ்கேன் வலிக்காது" என்று தேற்றினாள்.

ஸ்கேன் திரையில் ஒரு வெள்ளைப் புள்ளி, அதற்குக் கீழே கறுப்பாக ஒரு நிழல். கல்தான் என்று உறுதியாகிவிட்டது. வேறு கட்டி எதுவும் இல்லை. தாடைக்குக் கீழே எச்சில் சுரக்கிற சுரப்பி ஒன்று இருக்கிறது, அதிலிருந்து நாக்குக்கு அடியில் ஒரு மெல்லிய குழாய் வருகிறது, எச்சிலில் இருக்கிற சுண்ணாம்புச் சத்து அதில் கொஞ்சம் கொஞ்சமாகப் படிந்து கல்லாகிவிடுகிறது என்று டாக்டர் சொன்னது. சாப்பாட்டைக் கண்டதும் எச்சில் சுரக்கும், வழியில் கல் நிற்கும், வெளியே வர முடியாமல் சுரப்பி வீங்கும். நம் ஊர் போர்வெல் தண்ணீர் காய்ச்சுகிற குண்டானில் வெள்ளையாகப் படிகிறதே, அந்தத் தண்ணீரால்தானா என்று கௌரம்மா கேட்டார். அப்படிச் சொல்ல முடியாது, தண்ணீர் குறைவாகக் குடித்து வாய் காய்ந்தால் எச்சில் கெட்டியாகும், அது ஒரு காரணமாக இருக்கலாம் என்றது. நான் தண்ணீர் குடிக்கிற அழகுதான் உனக்குத் தெரியுமே. அடுப்படி வேலை முடியட்டும் என்று தாகத்தையே தள்ளிப் போட்டுப் பழகினவள்.

பிறகு டாக்டர் சொன்னதுதான் வேடிக்கை. கொஞ்சம் சீழ் பிடித்திருந்ததால் அதற்கு மாத்திரை. நிறையத் தண்ணீர். தாடையைப் பின்னாலிருந்து முன்னால் மெல்ல நீவி விட வேண்டும், சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுக்க வேண்டும். அப்புறம், "எலுமிச்சம்பழம் நல்லா சப்புங்கம்மா. எச்சில் ஊறட்டும். சின்னக் கல்லுன்னா அந்த வேகத்துல தானா வெளிய வந்துரும்" என்றது. புளிப்பைத் தொடாதே என்று சின்னபாப்பா சொன்னதைக் கேட்டு, மாசக்கணக்காகப் புளியில்லாமல் குழம்பு வைத்துத் தின்றவள் நான்! கௌரம்மா அங்கேயே சிரித்துவிட்டார். ஆஸ்பத்திரிக் கூடத்தில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு ஒருநாள் விடாமல் அவரிடமிருந்து போன் வரும். கன்னடத்தில், "ஊட்ட ஆய்த்தா?" என்பார். சாப்பாடு ஆச்சா என்று அர்த்தம். நான் கற்றுக்கொண்ட முதல் கன்னடம் அதுதான், திட்டு இல்லை.

எலுமிச்சைக்கு அந்தக் கல் அசையவில்லை. வலி மட்டும் குறைந்தது. மறுபடி போனபோது, கல் குழாயின் முன்பக்கம் இருப்பதால் வாய்க்குள்ளேயே மரத்துப்போக ஊசி போட்டு எடுத்துவிடலாம் என்றது டாக்டர். உள்ளே சுரப்பிக்குள்ளேயே இருந்திருந்தால் கழுத்தில் கீறிச் சுரப்பியையே எடுக்க வேண்டியிருக்கும், பெரிய ஊர்களில் மெல்லிய குழாய்க் கேமரா விட்டும் எடுக்கிறார்கள், எனக்கு அதெல்லாம் தேவைப்படவில்லை என்றது. நாக்கில் ருசி போய்விடுமா என்று கேட்டேன். பிள்ளைகளுக்குப் போடுவதற்கு முன்னால் ஒவ்வொரு நாளும் ஒரு வாய் ருசி பார்த்த நாக்கு இது, எனக்கு வேறு சொத்தில்லை. கொஞ்ச நாள் ஓரம் மரத்திருக்கலாம், சரியாகிவிடும் என்றது. அப்படியேதான் ஆனது. ஊசி போட்டபோது மட்டும் வலித்தது. பிறகு ஏதோ இழுக்கிற மாதிரி இருந்தது. டக்கென்று ஒரு சத்தம், தட்டில் கல் விழுந்தது. அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிட்டேன். உன்னிடம் பல் பிடுங்கினேன் என்று சொன்னது அந்த நாள்தான். நீயும் "சரிம்மா" என்று வைத்துவிட்டாய்.

பஸ்ஸில் வரும்போது கௌரம்மா அந்தக் கல்லை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். துவரம்பருப்பு அளவுகூட இல்லை, பழுப்பு நிறத்தில் இருந்தது. அதியமான்கோட்டை தாண்டினதும் சொன்னார்: "இத்துனூண்டு கல்லத்தானுங்க நான் உங்க திமிருன்னு நெனச்சிகிட்டு இருந்தேன்." சொல்லிவிட்டு ஜன்னல் வழியாக அதைத் தூக்கி எறிந்தார். நாமே அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளலாமே என்று எனக்கு ஒரு எண்ணம் இருந்தது. கேட்கவில்லை.

புண் ஆறினதும் நான் தனியாக மாரண்டஹள்ளிக்குப் போனேன். கதவோரம் கிடந்த அந்தப் பையையும் எடுத்துக்கொண்டு போனேன். சபை இல்லை, பெரியவர்கள் இல்லை. கௌரம்மா சமையல்கட்டில் பாயைப் போட்டு, களியும், அவர்கள் சாறு என்கிற கீரைக் குழம்பும் வைத்தார். அந்த ஆவக்காயையும் வைத்தார், வேண்டுமென்றே வைத்தார். நான் ஊறுகாயைத் தொட்டு நாக்கில் வைத்தேன். வாய் முழுக்க ஊறியது. கையைத் தாடைக்குக் கீழே வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவரும் களியை உருட்டிய கையோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் வரவில்லை. ஊறினது ஊறினபடி வழிந்து போனது. நான் அழுதுகொண்டே தின்றேன். பவித்ரா உள்ளே வந்து, காரமா அத்தை என்று தண்ணீர் கொடுத்தாள். அன்றைக்குச் சாயங்காலம்தான் கௌரம்மா உனக்குப் போன் செய்து, தை மாசம் நாள் பார்த்தாச்சு என்று சொன்னார். ஜோசியர் சொல்லி எல்லாம் கூடிவந்தது என்று நீ இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறாய். நினைத்துக்கொள், ஜோசியருக்கும் ஒரு நல்ல பெயர் கிடைக்கட்டும்.

உன் கல்யாணப் பந்தியில் நான் மூன்றாம் தரம் ரசம் கேட்டபோது, "அம்மா, பல்லு புடுங்குனப்புறம் உனக்குப் பசி ஜாஸ்தியாயிருச்சு" என்று எல்லார் முன்னாலும் சொல்லிச் சிரித்தாய். கௌரம்மாவும் நானும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமல் குனிந்து சாப்பிட்டோம்.

நீ இனிமேல் ஒரு வீட்டை நடத்தப் போகிறவன். பவித்ரா ஒருநாள் தட்டைத் தள்ளி வைப்பாள். நீயும் வைப்பாய். அவள் அம்மா வந்து சாப்பிடாமல் போவார், நான் வந்து பேசாமல் உட்கார்ந்திருப்பேன். உடனே கோபம், திமிர், பிடிக்கவில்லை என்று நீ முடிச்சுப் போட்டுக்கொள்ளாதே. உனக்கு அந்த முடிச்சுப் போடுகிற கை ரொம்ப வேகம். முதலில் பக்கத்தில் உட்கார்ந்து, எங்கேயாவது வலிக்கிறதா என்று கேள். வலி இல்லை, கோபம்தான் என்று பதில் வந்தால் அப்போது நீயும் கோபித்துக்கொள்ளலாம், ஒன்றும் குடிமுழுகிப் போகாது. வலிக்கிறவர்களும் யாரும் கேட்காமலே சொல்லிப் பழக வேண்டும். அது எனக்கு நானே சொல்லிக்கொள்வது. இந்த வயசில் கற்றுக்கொண்டு வருகிறேன். இரண்டு பேரும் தண்ணீர் நிறையக் குடியுங்கள். கம்பெனியில் வேலை மும்முரத்தில் மறந்துவிடாதே.

பள்ளிக்கூடத்துப் புளியமரம் இன்னும் நிற்கிறது. நேற்று அந்தப் பக்கம் போனேன், செங்காய் கொத்துக் கொத்தாகத் தொங்குகிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வரும்போது பறித்து வைக்கிறேன். உப்பும் மிளகாய்த்தூளும் கலந்து வைக்கிறேன். காக்காக் கடி கடித்துப் பாதி உனக்கு, பாதி பவித்ராவுக்கு. உனக்குக் கல்யாணமாகிவிட்டது, அம்மா கடித்துக் கொடுத்ததை வாங்க வெட்கப்பட்டாலும் விடமாட்டேன். எழுதும்போதே எனக்கு எச்சில் ஊறுகிறது. ஊறட்டும். இப்போதெல்லாம் உன்னை நினைத்தால் எனக்கு வலிப்பதில்லை.

உன் அம்மா